கொட்டில் வாசலில் நட்ட பந்தம்

இன்டர்லாக்கனுக்கு மேலே, மூடிக் கிடக்கும் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைப் பார்க்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டம் போயிருந்தது. அதில் இருந்த ஒரே தமிழன் இதை எழுதுகிறவன். இரும்புக் கதவைத் திறந்துவிட்ட காவலர் அவனை மேலும் கீழும் பார்த்து, "தம்பி எவடம்?" என்று ஊர் கேட்டார். குகநாதன் அறிமுகமானது அப்படித்தான்.

சுரங்கத்தையும், அதில் செத்தவர்களின் பெயர் வெட்டிய தேவாலயச் சுவரையும், தொழிலாளர் தங்கிய பழைய மரவீட்டையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த மரவீட்டு மேல்மாடியில்தான் மனைவி பிரசாந்தினியோடு குடியிருந்தார். வேலை போனால் வீடும் போகும்.

அன்று கார்த்திகை விளக்கீடு. மாணவர் கூட்டம் இறங்கிப்போன பிறகு, பொழுது படும் நேரம், ஊரில் செய்ததுபோலவே தடியில் துணி சுற்றி, எண்ணெயில் தோய்த்துப் பந்தம் கட்டினார். சோறு போடும் இடமெல்லாம் வெளிச்சம் காட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். சுரங்க வாசலில் ஒன்று, மரவீட்டுப் படியடியில் ஒன்று. பால் தருகிற மாடுகளை மட்டும் எப்படி விடுவது? பக்கத்துவீட்டு ரூடியின் கொட்டில் வாசலிலும் ஒன்றை நட்டார். முந்திக் கரிக்கிடங்காக இருந்த கட்டடம் அது. முழுக்க மரம், உள்ளே வைக்கோல்.

ரூடி கண்டது நெருப்பை மட்டும்தான். கோடரிப்பிடியோடு ஓடிவந்தவன் ஒரு சொல் கேட்கவில்லை. முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டு பல் பனியில் தெறித்தன. விழுந்தவரின் விலாவில் சப்பாத்துக் காலால் மாறிமாறி உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் படியில் நின்ற பிரசாந்தினிக்கே கேட்டது. பனி அள்ளும் சவல் மண்வெட்டியைத் தூக்கி அவன் முதுகில் போட்டாள். திரும்பி அவளையும் அறைந்தான்.

"உன்ர மாட்டுக்குமெல்லோ வைச்சவர்," என்று தமிழிலேயே சொல்லிச் சொல்லி அடித்தாள், அவன் முழங்கால் மடங்கும்வரை.

குகநாதன் பொலிசில் முறைப்பாடு செய்தார். பழைய மரக்கட்டடத்துக்குப் பக்கத்தில் நெருப்பு வைத்தது ஒப்பந்த மீறல், ஆனால் முறைப்பாட்டை மீளப்பெற்றால் அதை மறந்துவிடலாம் என்று ஊர் நிர்வாகம் சொல்லியனுப்பியது. ஆஸ்பத்திரிக்கு வந்த சிநேகிதன் யேசுதாசனும் அதையே சொன்னான்.

"விடுங்கோ அண்ணை. ஆற்றையோ ஊர், எங்கட இல்லையே."

"நெருப்பு வைச்சது பிழைதான். அதுக்குத் தண்டம் கட்டுறன்," என்றார் குகநாதன், வீங்கிய வாயால். "ஊர் ஆற்றையாவும் இருக்கட்டும். பல்லு என்ர."

நீதிமன்றம் ரூடியைத் தண்டித்தது. அதே மாதம் ஊர் நிர்வாகம் சுரங்கத்துக்கும் மரவீட்டுக்குமான திறப்புக்கோர்வையைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

குகநாதன் இப்போது இன்டர்லாக்கனில், யேசுதாசன் சமைக்கும் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். இரண்டு பல் கட்டியிருக்கிறார்.