ஆற்றில் கரைக்காத சாம்பல்

ரமணிக்குக் கிள்ளான் ஆற்றில் பத்தொன்பது ஆண்டு வேலை. ஆற்றின் குறுக்கே போட்டிருக்கும் மிதவைத் தடுப்பில் வந்து அடையும் குப்பையைப் படகில் போய் அள்ளிக் கரையேற்ற வேண்டும். கோலாலம்பூர் கண்ணுக்கு மறைவாகத் தூக்கி எறிவதெல்லாம் ஒரு மழை பெய்தால் போதும், மறுநாள் அவர் காலடிக்கு வந்துவிடும். ஊறிப் பருத்த பேம்பர்ஸ், சாப்பாடு கட்டிக் கொடுக்கும் தாபாவ் பெட்டிகள், மெத்தை, ஹெல்மெட், வயிறு வெடித்த நாய். ஒருமுறை ஒரு முழு சோபாவே வந்தது, அதன்மேல் உயிரோடு ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

நாற்றம் ஒரு மாதத்தில் பழகிவிடும் என்று சேர்ந்த புதிதில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொன்னார். பழகவில்லை. வேலையிடத்தில் சோற்றை வாயில் வைத்தால் குமட்டும். பகலெல்லாம் காய்ந்த ரொட்டியும் பால் கலக்காத கோப்பி ஓவும்தான்.

செத்த நாயைக்கூட அவரால் தாங்க முடிந்தது. சிவப்புத் துணி கட்டிய அஸ்திப் பானைகளைத்தான் தாங்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் பேரங்காடிப் பை ஒன்று தடுப்பில் வந்து சிக்கியது. முடிச்சு அவிழாமல் இருந்தது. கிழித்துப் பார்த்தால் பானைக்குள் சாம்பலும் எலும்புத் துண்டுகளும், அவற்றோடு யாரோ திணித்திருந்த காலி சிகரெட் பெட்டியும். யாரோ பெற்ற தாய், இல்லை தகப்பன். முடிச்சை அவிழ்க்கக்கூட மனமில்லாமல் பாலத்தில் கார் நிறுத்தி வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள். ரமணி சாம்பலைத் தண்ணீரில் கொட்டிவிட்டுப் படகின் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பானையாவது வந்துகொண்டே இருந்தது. எதைப் பற்றியும் வீட்டில் மூச்சு விட்டதில்லை.

மனைவி தனலெட்சுமி பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தவள். பாசாரில் மீன்காரன் எதிரிலேயே செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவாள். பேருந்தில் ஏறினால் கம்பியைக் கைக்குட்டையால் பிடிப்பாள். அப்படிப்பட்டவள் இப்படி ஒரு வேலைக்காரனோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று சொந்தத்தில் கேலி பேசுவார்கள். அவளோ கணவனின் வேலையைப் பற்றி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவர் சட்டையை மட்டும் தனியாகத் துவைத்தாள்.

போன மார்ச்சில் குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, நான்காம் நாள் விடியுமுன் போய்விட்டாள். ஐம்பத்தேழு வயது. என்ன செய்ய வேண்டும், எங்கே கரைக்க வேண்டும் என்று எதையும் சொல்லி வைத்துப் போகவில்லை.

எரித்த மறுநாள் காடாத்து. எலும்பு பொறுக்கி, பால் தெளித்து, பானையில் இட்டார்கள். மற்ற ஏற்பாடுகளையெல்லாம் தனலெட்சுமியின் அண்ணன் பரமேஸ்வரன் தன் தலைமேல் போட்டுக்கொண்டார். போர்ட் கிள்ளான் பக்கம் லோரி கம்பெனி வைத்திருப்பவர். நல்லது கெட்டது எதுவானாலும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு முன்னால் நிற்பார். வழக்கமாக எல்லோரும் போகும் கிள்ளான் ஆற்றங்கரைதான், பூசாரி வந்துவிடுவார், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார். ரமணி பானையை மடியில் வைத்துக்கொண்டு மகன் குகனின் காரில் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் போனார்.

படித்துறை என்று பெயர்தானே தவிர, சிமெண்டுப் படி நான்கும் அதற்குக் கீழே சேறும்தான். முந்தின நாட்களில் வந்தவர்களின் பிண்டச் சோறு புளித்து நுரைத்துக் கிடந்தது. அதன்மேல் எலி ஓடியது. பூமாலையைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாள், பால் பாக்கெட், யாரோ அவிழ்த்துப் போட்ட ஈர வேட்டி, உடைந்த பானை ஓடுகள். ஓடுகளுக்கு இடையே வெள்ளையாய் ஒன்று கிடந்தது. குகன் கிளிஞ்சல் என்று நினைத்துக் குனிந்தான். ரமணி அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

பூசாரி படியில் நின்றே மந்திரம் சொன்னார். இடையில் இரண்டு தடவை கைப்பேசி அடித்தது, இரண்டு தடவையும் எடுத்துப் பேசினார். அடுத்த கூட்டம் மேலே காரில் காத்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் எல்லாவற்றையும் கொண்டுவந்த பையோடு சேர்த்து ஆற்றில் போட்டுவிடலாம், பின்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள் என்றார்.

ரமணி ஆற்றைப் பார்த்தார். எண்ணெய் படிந்த கறுப்புத் தண்ணீர் அசைவதாகவே தெரியவில்லை. ஆனால் நகரும் என்று அவருக்குத் தெரியும். எத்தனை மணிக்குத் தடுப்புக்கு வந்து சேரும், யார் கொக்கி போட்டு இழுப்பார்கள் என்பதும் தெரியும். இத்தனையும் தெரிந்துகொண்டு, அவளைக் கையில் ஏந்தி, இந்த நாற்றத்தில் கால் மணி நேரம் நின்றிருக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"இங்க வேணாம் மச்சான்," என்றார்.

பரமேஸ்வரனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. பூசாரி, சொந்தக்காரர்கள், மேலே காத்திருக்கும் கூட்டம் என்று எல்லோர் எதிரிலும் இப்படியா என்று பல்லைக் கடித்தார்.

"ஊரே இங்கதான் மாப்ளே கரைக்குது. எங்கப்பாவ இங்கதான் கரைச்சோம். என் தங்கச்சிக்கு மட்டும் தனி ஆறு எங்க தேடுறது?"

"உங்கப்பா எங்க போய்ச் சேந்தாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் ரமணி. "உங்களுக்குத் தெரிய வேணாம்."

பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார். குகன் ஒரு கணம் மாமனைப் பார்த்தான், பிறகு அப்பாவின் பின்னால் போனான். மற்ற யாரும் வரவில்லை.

ஆ செங் என்ற மீனவரை ரமணிக்கு வேலையில் பழக்கம். குப்பைப் படகின் எஞ்சின் நின்றுபோனால் இழுத்துக்கொண்டு வருபவர் அவர்தான். போர்ட் கிள்ளான் படகுத்துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், பானையைப் பார்த்ததும் படகின் கயிற்றை அவிழ்த்தார்.

கொள்கலன் கப்பல்களையும் சதுப்புக் காடுகளையும் கடந்து போனார்கள். இங்கேயா என்று ஆ செங் திரும்பிப் பார்த்தார். தண்ணீரில் போலிஸ்திரின் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று மிதந்தது. ரமணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இன்னும் போனார்கள். ஒரு செருப்பும் டீசல் படலமும் மிதந்தன. இன்னும் போகச் சொன்னார். கடைசியில் ஆ செங் எஞ்சினைத் தணித்து, இதற்குமேல் போனால் இந்தோனேசியாதான் என்று மலாய் மொழியில் சொன்னார். தண்ணீர் நீலமாக இல்லை, சாம்பல் பச்சையாக இருந்தது. ஆனால் கண்ணுக்கெட்டியவரை மிதக்கும் பொருள் ஒன்றுமில்லை.

ரமணி துணியை அவிழ்த்துக் கையால் அள்ளி அள்ளி விட்டார். மூன்றாவது பிடியில் காற்று திரும்பியது. சாம்பல் அவர் முகத்தில் அடித்தது. கண்ணில், மூக்கில், வாயில் எல்லாம் விழுந்தது. பல்லுக்கிடையில் நறநறத்தது. குகன் பதறித் தண்ணீர் போத்தலை நீட்டி, கொப்பளித்துத் துப்புங்கள் என்றான்.

ரோட்டுத் தூசி வாயில் பட்டாலே பத்துத் தடவை துப்புகிற மனிதர் ரமணி. போத்தலை வாங்கி ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை. மீதியை மெதுவாகக் கரைத்து முடித்தார். வெறும் பானையையும் துணியையும் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவந்தார்.

கருமக்கிரியைக்குப் பரமேஸ்வரன் வந்தார். சாப்பிடாமல் போனார். மந்திரம் முடிந்தும் முடியாமலும் கொண்டுபோய்க் கடலில் கொட்டினானாம், ஆத்மா எப்படிச் சாந்தியடையும் என்று சொந்தத்தில் பேச்சு சுற்றியது.

ஆறு மாதம் கழித்துப் பரமேஸ்வரனின் மாமியார் இறந்துபோனார். அன்று மாலை பரமேஸ்வரனே கைப்பேசியில் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. அந்தப் படகுக்காரர் எண் இருக்கிறதா என்று கேட்டார். ரமணி எண்ணைக் கொடுத்தார். கடல் வற்றும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் எதையும் எடுத்துப் போகாதீர்கள் என்று மட்டும் சொன்னார். மனம் கொஞ்சம் இளகியது.

இரண்டு நாளில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. அதே சிமெண்டுப் படி. பரமேஸ்வரன் கையில் பை. கடல் நேரம் ஒத்துவரவில்லை, எல்லோருக்கும் வேலை, இங்கேயே சுருக்கமாக முடித்துவிட்டோம் என்று கீழே எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

ரமணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பரமேஸ்வரன் கால் பக்கத்தில் சேற்றில் என்னென்ன கிடந்தன என்று தெளிவாகவே தெரிந்தது. நாளை வேலைக்குப் போக வேண்டும்.

குழுவை விட்டு வெளியேறினார்.