கடைப் பெயர் கீழே விழுந்த வெள்ளிக்கிழமை

என் கொழுந்தனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. பெருந்தன்மையை எதிர்பார்த்து இதைப் படிப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கொழுந்தன் என்றால் என் கணவரின் சித்தப்பா மகன். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில், இணையதளம் செய்து கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறான். நாங்கள் இளம்பிள்ளையில் விசைத்தறி ஓட்டுபவர்கள். எங்கள் சேலைகளை நானே இணையத்தில் விற்கலாம் என்று தொடங்கியபோது, "நம்ம பையன் இருக்கறப்ப வெளியாளு எதுக்குங்க" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கடைக்குப் பெயர் யோசித்தது நான். அந்தப் பெயரை இணையத்தில் பதிந்தது அவன். யார் பெயரில் பதிந்தாய் என்று நான் கேட்கவில்லை. சொந்தக்காரனிடம் அப்படியெல்லாம் கேட்டால், சந்தேகப்படுகிறாள் என்று ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் ஏமாறுகிறோம்.

ஆறு வருடம் அந்தக் கடையை வளர்த்தேன். ஒவ்வொரு சேலையையும் வெயிலில் விரித்து நானே படம் எடுப்பேன். பருத்தி என்றால் பருத்தி, கலப்பு என்றால் கலப்பு என்று கீழே எழுதிவிடுவேன். ஒரு நாள் கொழுந்தன் தன் மச்சானை அழைத்துக்கொண்டு வந்தான். மச்சானுக்குச் சேலம் டவுனில் ஜவுளிக்கடை. பாலியஸ்டர் சேலைகளை மூட்டையாகக் கொண்டு வந்து இறக்கி, பட்டு என்று போட்டு என் கடையில் விற்றுத் தரச் சொன்னார்கள். முடியாது என்றேன். காப்பியைக் குடித்துவிட்டு முகம் கோணாமல்தான் போனார்கள்.

அடுத்த வாரம் என் கடையின் பெயரைத் தட்டினால் மச்சானின் கடை வந்து நின்றது. நான் எடுத்த படங்கள், நான் எழுதிய வரிகள், மேலே நான் வைத்த பெயர். அனுப்புவது மட்டும் அவர்கள் சரக்கு. போன் செய்து கத்தினேன். கொழுந்தன் குரலே உயர்த்தவில்லை.

"பேரு எங்க ஆபீஸ் பேருலதானுங்க அண்ணி பதிஞ்சிருக்குது. நீங்களே வேணும்னா ரெக்கார்டைப் பாத்துக்கங்க."

பெரியவர்களிடம் போனோம். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு முடியட்டும், உட்கார்ந்து பேசலாம் என்றார்கள். கிடாவும் வெட்டியாயிற்று, எல்லோரும் கையும் கழுவியாயிற்று. பேச்சு மட்டும் எடுக்கவில்லை. வேறு பெயரில் ஒரு கடை போட்டேன். பழைய வாடிக்கையாளர்களில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இரண்டு வருடம் வயிறு எரிந்துகொண்டே இருந்தேன்.

பிறகு மேச்சேரியில் ஒரு கல்யாணம். நான் போகவில்லை, என் கணவர் மட்டும் போனார். பந்தியில் கொழுந்தனுக்குப் பக்கத்து இலை. அவனே பேச்செடுத்திருக்கிறான். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களைக் கவனிக்காமல் விட்டதால் அந்தப் பெயர் காலாவதியாகி, தளம் சில நாளாக இருட்டாகக் கிடக்கிறதாம்.

"இப்ப மீட்டா தண்டம் கட்டணுங்ண்ணா. எதுக்கு? தானாக் கீழ உழுகட்டும், புதுசாவே எடுத்துக்கலாம். அந்தப் பேரை வேற எவன் எடுக்கப் போறான்?"

"ஏன், உங்க அண்ணி எடுத்துக்கிட்டா?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

அவன் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சிரித்தானாம். "அண்ணி குஞ்சம் கட்டிக்கிட்டு இருக்கட்டுங்ண்ணா. இதெல்லாம் அவுங்களுக்கு எங்க தெரியப் போவுது."

இவர் இதை வந்து சொன்னபோது நான் உண்மையிலேயே ஒரு முந்தானைக்குக் குஞ்சம்தான் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்து, மடித்து வைத்துவிட்டு, மகளின் லேப்டாப்பை எடுத்தேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள் நான். படித்ததை மறந்திருந்தேன், அவ்வளவுதான். மறந்ததைத் திரும்பக் கற்க ஒரு நல்ல அவமானம் போதும்.

பைத்தான் என்ற கணினி மொழியில் இதற்கென்றே யாரோ எழுதி வைத்த ஒரு சிறிய நிரல் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. இணையப் பெயர் ஒன்றைக் கொடுத்தால், பதிவேட்டில் விசாரித்து, அது என்று பதிவானது, என்று முடிகிறது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது, எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று வரிவரியாகச் சொல்லும். அதை வைத்து நான் எழுதிய நிரல் மொத்தம் நாலைந்து வரி. முதல் தடவை ஓட்டியபோது நிறுவனம் என்ற இடத்தில் அவன் ஆபீஸின் பெயர் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் போனில் அவன் சொன்ன ரெக்கார்டு அதுதான். திரையில் துப்பலாமா என்று தோன்றியது. மகளின் லேப்டாப் என்பதால் விட்டேன்.

காலாவதியான பெயர் உடனே கீழே விழாது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் சில வாரம் சலுகைக் காலம், அடுத்து தண்டம் கட்டி மீட்கும் காலம், கடைசியாக நீக்கத்துக்குக் காத்திருக்கும் ஐந்து நாள். அதன் பிறகு யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு. தினமும் காலையில் பாலைக் காய்ச்சி இறக்கியதும் நிரலை ஓட்டிப் பார்ப்பேன். மகளின் ஜாதகத்தைக்கூட நான் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

நடுவில் ஒரு முறை அவசரப்பட்டு அசடு வழிந்தேன். நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கும்படி எழுதிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பதில் வெறுமையாக வந்தது. தேதியும் இல்லை, நிறுவனமும் இல்லை. பெயர் விழுந்துவிட்டது என்று துள்ளிக் குதித்துப் பதியப் போனால், ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது என்று விரட்டியது. அளவுக்கு மீறிக் கேட்டதால் பதிவேடு எனக்குப் பதில் சொல்வதை நிறுத்தியிருக்கிறது. அதைத்தான் நான் பெயர் காலி என்று எடுத்துக்கொண்டேன். அன்று முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் கேட்டேன். 'இப்படி ஒரு பெயர் பதிவில் இல்லை' என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் மணி அடிக்கும்படி மாற்றினேன்.

நீக்கத்துக்குக் காத்திருக்கும் நிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. விரலை விட்டு எண்ணினேன், வெள்ளி வந்தது. அவனுக்கும் எண்ணத் தெரியும், அவனுடைய தொழிலே இதுதான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நான் லேப்டாப்பை விட்டு எழவில்லை. சமையல் ஆகவில்லை. பத்தே முக்கால் வாக்கில் மணி அடித்தது. நிரலைக் கையால் இன்னொரு முறை ஓட்டினேன். அப்படி ஒரு பெயர் பதிவில் இல்லை. பக்கத்து அறையில் தறி ஓடும் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்து இவரைக் கூப்பிட்டேன். நூல் ஒட்டிய பனியனோடு வந்தவர் என்னைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"ராவு காலம் புள்ள. பன்னெண்டு அடிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் தறியில் புதுப் பாவு நூல் ஏற்றியதே கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அதை மீறியதில்லை. என் கை ஒரு நிமிடம் நிஜமாகவே நின்றது. அப்போதுதான் கொழுந்தன் நினைவு வந்தது. அவனும் இதே குடும்பத்தில் பிறந்தவன். பஸ் டிக்கெட்கூட ராகு காலத்தில் எடுக்காதவன். இந்நேரம் அஸ்தம்பட்டியில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

"அவனும் பன்னெண்டுக்குத்தானுங்க காத்துக்கிட்டு இருப்பான்," என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் பெயரைப் போட்டு, பணத்தைக் கட்டி, பதிந்து முடித்துவிட்டேன். கொஞ்ச நேரம் விட்டு நிரலை ஓட்டினேன். நிறுவனம் என்ற இடத்தில் எங்கள் தறிப் பட்டறையின் பெயர் இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குத் திருமணத்தன்றுகூட வந்ததில்லை. அதை இவரிடமே சொன்னேன்.

பன்னிரண்டேகாலுக்கு இவர் போன் அடித்தது. கொழுந்தன்தான். சத்தமாகப் பேசும்படி போட்டு நடுவில் வைத்தோம்.

"அண்ணா, எவனோ ராவு காலத்துல எடுத்திருக்கானுங்ண்ணா! மனுசன் எவனாச்சும் அந்த நேரத்துல எடுப்பானா?"

"நான்தானுங்க தம்பி," என்றேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பெயர் கைக்கு வந்ததும் கடையின் பழைய மின்னஞ்சல் முகவரியை மறுபடி திறந்து வைத்தேன். பழைய வாடிக்கையாளர்கள் எழுதுவார்கள் என்று ஆசை. எழுதினார்கள். சாயம் போன சேலை, ஓட்டை விழுந்த சேலை, திருப்பி அனுப்பியும் பதில் வராத சேலை என்று வரிசையாக வந்தன. எல்லாம் மச்சான் விற்றவை. திட்டு மட்டும் என் கடைக்கு. ஒருவர் பாக்கி வைக்காமல் என் குடும்பத்தையே வைதிருந்தார். பெயரைத் திருடிக்கொண்டு போனபோதுகூட நான் அழவில்லை. இதைப் படித்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனும் மச்சானும் பழப் பையோடு வந்தார்கள். நாற்காலி போட்டோம். தண்ணீரும் கொடுத்தேன்.

"நடந்தது நடந்து போச்சுங்க அண்ணி. பேரு உங்களுக்கே இருக்கட்டும். மச்சான் சரக்கையும் ஒரு ஓரமாப் போட்டுக்கங்க. ஒரே குடும்பம்," என்றான் கொழுந்தன்.

நான் லேப்டாப்பைத் திறந்து அவன் மடியில் வைத்தேன். "படிங்க தம்பி. சத்தமாப் படிங்க."

முதல் இரண்டு கடிதங்களை வேகமாகப் படித்துத் தள்ளினான். மூன்றாவது, கும்பகோணத்தில் இருக்கும் ஓர் ஆசிரியை எழுதியது. எனக்கு அவர்கள் குரல் தெரியும். ஆறு வருடமும் என்னிடம் வாங்கியவர்கள். மகளின் நலங்குக்கு என்று எடுத்த சேலையில் மஞ்சள் நீர் பட்டதும் சாயம் இறங்கி, பெண்ணின் கழுத்தெல்லாம் கருஞ்சிவப்பாக வழிந்ததாம். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, ஆசிரியையே தன் முந்தானையால் துடைத்தார்களாம். 'உங்களை நம்பித்தானே வாங்கினேன், ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்று முடித்திருந்தார்கள். அந்த வரியை அவன் முணுமுணுத்தான்.

"சத்தமாங்க," என்றேன். மறுபடி படித்தான்.

"போதும் உடு புள்ள," என்றார் இவர்.

"இன்னும் பதில் போடலீங்களே." கொழுந்தன் பக்கம் திரும்பினேன். "எழுதுங்க தம்பி. சேலை என்ன சேலை, யாரு வித்தது, எல்லாத்தையும் எழுதுங்க."

எழுதினான். ஒவ்வொரு வரியாக நான் பக்கத்தில் நின்று படித்தேன். கடைசியில் 'கடை நிர்வாகம்' என்று போட்டு நிறுத்தினான்.

"அதை அழிச்சிட்டு உங்க பேரைப் போடுங்க. அப்பா பேரும் ஆபீஸ் விலாசமும் சேத்திப் போடுங்க."

அவன் இவரைப் பார்த்தான். அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தான். அனுப்பும் பொத்தானை அவன் விரலாலேயே அழுத்த வைத்தேன். அதற்குள் மச்சான் செருப்பைத் தேடிக்கொண்டு வாசற்படிப் பக்கம் போய்விட்டார்.

"நீங்க எங்கீங்க கிளம்பறீங்க?" என்றேன். "உக்காருங்க. அடுத்த கடுதாசிக்கு நீங்கதான் பதில் எழுதோணும்."