ஆசீர்வாதம் தாத்தாவைத் தேடித் தந்த தேவன்

சென்ற ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் தெரு ஆசீர்வாதம் தாத்தா காணாமல் போனார். மறுநாள் மத்தியானம் அவரை ஒரு போனில் பார்த்தேன். கரண்ட் கம்பத்தில் கட்டிவைத்து அவரை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சபையில் எழுந்து நின்று சொல்ல எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். சகோதர சகோதரிகள் பொறுமையோடு கடைசிவரை வாசிக்க வேண்டும்.

என் பெயர் ஜெயராணி. சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது மகளுக்கு நான்கு வயது. சொந்தக்காரர்கள் அடக்கத்துக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். மறுநாள் காலையில் கதவைத் தட்டியது பக்கத்து வீட்டுத் தாத்தாதான்.

"பிள்ளைக்கு ஸ்கூல் உண்டும்லா? சோத்தக் கட்டு. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவள் தனியாகப் போகிற வயது வரும்வரை அவர்தான் கூட்டிப்போனார்.

தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கிற வயதில் இங்கே வந்தவர். சாலையில் ஓர் அரிசிக் கடையில் மூட்டை சுமந்தார். மனைவி காய்ச்சலில் இளவயதிலேயே இறந்துபோனார். பிள்ளை இல்லை. ஆனால் எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் "எங்க தாத்தா" என்றுதான் சொல்லும். மலையாளிப் பிள்ளைகளுக்கு அவர் அப்பூப்பன். மழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டுபோய் மெயின் ரோட்டில் இறக்கிவிடுவார். சட்டைப் பையில் எப்போதும் நாரங்கா மிட்டாய் இருக்கும். சபையில் பிரசங்கம் தொடங்கினால் தூங்கிவிடுவார், பாட்டு தொடங்கினால் முழித்துக்கொள்வார். போதகர்கூட ஏன் என்று கேட்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் மறதி வந்தது. முதலில் மலையாளம் போனது. ஆயுசு முழுவதும் இங்கே பேசிய பாஷை ஒரு சொல் மிஞ்சாமல் போய்விட்டது. சின்ன வயதுத் தமிழ் மட்டும் இருந்தது. தெருவில் முறை வைத்து அவரைப் பார்த்துக்கொண்டோம். அந்தச் செவ்வாய்க்கிழமை என் வீட்டில் காப்பி குடித்தார், எதிர்வீட்டில் இட்லி சாப்பிட்டார். கை கழுவி வருவதற்குள் ஆளைக் காணவில்லை.

பழவங்காடி, தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் என்று தெருவே தேடியது. ஓர் ஆஸ்பத்திரியிலும் பெயர் சொல்லிக் கேட்டோம். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றபோது அதே கட்டடத்தின் மேல்மாடியில், பெயர் தெரியாத ஆளாக அவர் படுத்திருந்தார். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

புதன்கிழமை மத்தியானம் கடையில் கூட வேலை பார்க்கும் பெண் போனை நீட்டினாள். "சேச்சி, இது உங்க தெரு அப்பூப்பனாணோ, நோக்கிக்கே."

பிள்ளை பிடிக்கிறவன் பிடிபட்டான் என்று எழுதி யாரோ அனுப்பிய வீடியோ. தாத்தாவின் வேட்டி சேற்றில் கிடந்தது. ஒருவன் "பேரு பறயடா" என்றான். தாத்தா "ஆசீர்வாதம்" என்றார். கூட்டம் சிரித்தது. "பேரு கேட்டா ஆசீர்வாதம் தருன்னு, பெரிய சுவாமியல்லே" என்று சொல்லி அவன் மறுபடி அறைந்தான். மறுபடி பெயர் கேட்டான். மறுபடி அதே பதில், அதே அறை. யாரோ ஒரு குழந்தைக்கு அவர் மிட்டாய் நீட்டியிருக்கிறார். அதுதான் குற்றம். அந்த மிட்டாய்களை ஒருத்தி "விஷம்" என்று செருப்பால் தேய்த்தாள். உதடு கிழிந்து ரத்தம் வழிய, அடிக்கிறவன் முகத்தைப் பார்த்துத் தாத்தா கேட்கிறார்: "சாப்டியா தம்பி?"

வீடியோ அங்கே முடிந்தது. எந்த இடம் என்று அதில் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் காட்டினேன். "ஸ்தலம் அறியாதெ ஞங்ஙள் எவிட போகானா?" என்றார்கள்.

வியாழக்கிழமை லீவு கேட்டேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒனக்குச் சொந்தத் தாத்தாவா? இல்லல்லா. பெறவென்ன லீவு?"

சேலை அடுக்குக்குப் பின்னால் போய் நின்று ஜெபித்தேன். முழங்கால் போட இடமில்லை. "ஆண்டவரே, என் கால் ஓய்ந்துபோச்சு. அவர் எங்கே கிடக்கிறார் என்று உமக்குத் தெரியும். இனி என்னால் தேட முடியாது, நீர் யாரையாவது என்னிடம் அனுப்பும்." அதோடு நிறுத்தவில்லை. "அவரை அடித்த கைகள் அழுகிப்போகட்டும்" என்றும் சொன்னேன். ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தேன். தலையில் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் அம்மா உள்ளே வந்தார். வியர்த்துக் களைத்திருந்தார். "மோளே, துணி எடுக்கான் வந்ததல்ல. தமிழ் பேசற ஒரு வயசான அப்பூப்பனை இவிட யாராவது தேடுதாங்களா? சாலைக்குப் போணும், சாலைக்குப் போணும்னே பறயுன்னு. பேரு கேட்டா நம்மளை ஆசீர்வதிக்குது."

முதலாளியிடம் கேட்காமலே அவரோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

அவர் பெயர் சுபைதா. செவ்வாய்க்கிழமை ரேஷன் வாங்கிவிட்டு வரும்போது அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். உள்ளே புகுந்து தாத்தாவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். தோளில் ஓர் அடி அவருக்கும் விழுந்தது. உன் ஆளா என்று கேட்டதற்கு, "அதே, என்டெ வாப்பா" என்று, தன் தகப்பன் என்றே சொல்லிக் கட்டை அவிழ்த்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். வியாழக்கிழமை காலையிலிருந்து சாலையில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். நான் அனுப்பும் என்று கேட்பதற்கு முன்பே ஆண்டவர் அவரை நடக்க வைத்துவிட்டார்.

தாத்தாவுக்கு ஒரு கண் மூடிக் கிடந்தது. விலா எலும்புகள் உடைந்திருந்தன. என்னைப் பார்த்ததும், "ஜெயா, பிள்ளை ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?" என்றார். மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டா தாத்தா" என்றேன்.

வீடியோவைப் பார்த்துப் போலீஸ் சிலரை விசாரிக்கத் தொடங்கியது. அதில் ஒரு பையன் ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்தான். பெயர் கேட்டு அறைந்தவன். குரலைக் கேட்டதுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. தாத்தா, "வா தம்பி, உக்காரு" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "ஆளுக்கு ஒண்ணும் ஓர்மையில்ல, அல்லே?"

"இல்லை" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. கூட வந்தவனிடம் திரும்பி, "அப்போ கேஸ் நிக்கூல" என்றான். கையை உருவிக்கொண்டு போய்விட்டான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான் என்று ஒரு நிமிடம் நம்பியிருந்தேன். தாத்தா என்னிடம், "யாரு பையன்? நல்ல பையன்" என்றார். பழங்களைக் குப்பையில் கொட்டினேன். சில நாட்கள் என்னால் ஜெபிக்க முடியவில்லை.

சுபைதா அம்மா போலீஸில் சாட்சி சொன்னார். அவர் தெருவில் பலர் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். "ஞான் கண்டது ஞான் பறயும். அதுக்குப் பின்னெ என்ன" என்றார்.

ஓணத்துக்கு முன்பே தாத்தா இறந்தார். என் வீட்டுக் கட்டிலில், என் கையைப் பிடித்தபடி, வாசலில் தெருவே நிற்கும்போது போனார். அநாதைப் பிணமாகப் போகவில்லை. அவர் தோளில் ஏறிப் பள்ளிக்குப் போன பிள்ளைகள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். மலையாளியும் தமிழரும் அதில் உண்டு.

அந்த அம்மாவைக் கடைக்கு அனுப்பிய தேவன், அந்தத் தெருவுக்கு அரைமணி நேரம் முன்பே அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இன்றுவரை அதற்குப் பதில் இல்லை. கிடைத்த பதிலுக்கு நன்றி சொல்கிறேன், கிடைக்காத பதிலுக்கு அழுகிறேன். இரண்டையும் அவர் பாதத்தில்தான் செய்கிறேன்.

அந்தக் கைகள் அழுகவில்லை. சில மாதம் கழித்து அந்தப் பையனைப் பழவங்காடியில் பார்த்தேன். பெண் குழந்தை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். அவள் அவன் காதைப் பிடித்திருந்தாள். அன்று நான் இட்ட சாபத்தை ஆண்டவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். கேஸை வாங்கவில்லை. அது நடக்கிறது, நானும் போய் நிற்கிறேன்.

பிரியமானவர்களே, உங்களுக்கு வழி தெரியாமல் போனால் கேளுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டாலும், கோபத்தோடாவது கேளுங்கள். அவர் கேட்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருவில் கூட்டம் கூடி யாரையோ அடிக்கிற சத்தம் கேட்டால் கதவைச் சாத்தாதீர்கள், இறங்கிப் போங்கள். கட்டுண்டு கிடக்கிற ஆளுக்காக எங்கோ ஒருத்தி அந்நேரம் ஜெபித்துக்கொண்டிருப்பாள்.