குண்டூசி மிதந்த தண்ணீர்

என் மனைவியின் தம்பி எதை விற்க ஆரம்பித்தாலும் முதலில் என்னிடம்தான் வந்து நிற்பான். முன்பு மூலிகைப் பற்பசை, பிறகு காந்தப் படுக்கை. போன கோடையில் தண்ணீர் மெஷின்.

"சிதம்பரத்துல ஒரு மீட்டிங் மாமா. நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாரு. சும்மா வந்து உக்காந்தாலே ஜனங்களுக்கு ஒரு நம்பிக்க வரும்."

கடலூரில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவன் நான். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மூடத்தனத்தை நாலு பேர் முன்னால் கிழித்துப்போட வேண்டும் என்று ஓர் அற்ப ஆசை வந்தது. பஸ் ஏறினேன்.

லாட்ஜ் மாடியில் ஒரு ஹால். பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்கள். அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்த ஒருவர் மேடையில் மைக்கைப் பிடித்திருந்தார்.

"தண்ணி மூலக்கூறெல்லாம் ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கிட்டு இருக்குது. அதனாலதான் ஒடம்புல சேர மாட்டேங்குது. நம்ம மெஷின் அந்தப் பிடிய அறுத்துடுது!"

முதல் வாக்கியம் உண்மை. அதுதான் எனக்கு எரிச்சல். முழுப் பொய்யைக்கூட மன்னித்துவிடலாம். பாதி உண்மையைத் திருடிக்கொண்டு வருகிறவனைச் சகிக்க முடியாது.

மச்சான் என்னைப் பெருமையோடு மேடைக்கு அழைத்தான். மைக்கை வாங்கி எளிமையாகத்தான் சொன்னேன். சமையல் கேஸின் மூலக்கூறு, தண்ணீர் மூலக்கூறைவிட இரண்டு மூன்று மடங்கு கனம். ஆனாலும் அவற்றுக்குள் பிடி பலவீனம் என்பதால் வால்வைத் திறந்ததும் ஆவியாகப் பறந்துவிடுகிறது. இலேசான தண்ணீர் டம்ளரில் அடங்கி நிற்பது அந்தப் பிடியின் பலத்தால். அதே பிடி வரிசை கட்டி இறுகினால் ஐஸ். "இவர் சொல்றது போல அறுத்துட்டா, நீங்க குடிக்கறதுக்கு டம்ளர்ல எதுவும் மிஞ்சாது. எல்லாம் ஆவியாப் போயிடும்."

முன்வரிசைக்காரர் கொட்டாவி விட்டார்.

சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று மெஷின் தண்ணீரை ஒரு டம்ளரில் வாங்கினேன். மெஷின் வாங்கிச் சேருகிறவர்கள் நிரப்ப வைத்திருந்த விண்ணப்பத்தில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து, டிஷ்யூ பேப்பர் துண்டின் மேல் வைத்து மிதக்கவிட்டேன். பேப்பர் நனைந்து அடியில் போனது. ஊசி மேலேயே நின்றது.

"பிடி அறுந்திருந்தா இது முழுகியிருக்கணும்" என்றேன் வெற்றியோடு.

கோட்டுக்காரர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "பாத்தீங்களா? இரும்பையே தாங்குது! புரொபசரே செஞ்சி காட்டிட்டாரு!"

ஹால் முழுக்கக் கைத்தட்டல். ஒரு நிமிடம் முன்னால் பிடி அறுந்த தண்ணீர், இப்போது இரும்பைத் தாங்கும் தண்ணீர். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து ஊரான கிள்ளையிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊசியவே தாங்குதே, என் முட்டிய தாங்காதா சார்?"

"உங்க வீட்டுக் கொழாத் தண்ணியும் ஊசியத் தாங்கும்மா" என்றேன்.

"அதுல எப்படி சார்? அது சாதாத் தண்ணியாச்சே" என்று சொல்லிவிட்டு அவர் விண்ணப்பம் நிரப்பப் போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் மச்சான் என் தோளைத் தட்டினான். "சூப்பரா பேசினீங்க மாமா. நாங்க எதிர்பாத்ததவிட ஜாஸ்தி பேரு சேந்துட்டாங்க."

நான் டம்ளரோடு நிற்கும் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், அதுவும் இயற்பியல் ஆசிரியர், மெஷினுக்கு டிஸ்கவுண்ட் கிடைக்குமா என்று கேட்டார். என் மனைவி இப்போது அந்தத் தண்ணீரில்தான் ரசம் வைக்கிறாள்.

அன்றிலிருந்து நான் மச்சானோடு பேசுவதில்லை. அவன் இன்னும் அதைக் கவனிக்கவில்லை.