பெல்ட்டில் தனியாக வந்த ஷேவிங் செட்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதத்தில், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் அது நடந்தது. எங்கள் வீடு தாம்பரத்தை அடுத்த சேலையூரில். பக்கத்திலேயே ஒரு பள்ளியில் நான் ஆசிரியை. காலை ஏழரை மணிக்கு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

மும்பையில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகனோடு அறையில் தங்கியிருக்கும் பையன்தான் பேசினான். முந்தைய நாள் மாலை மகனின் பைக் மீது ஒரு வேன் மோதிவிட்டதாம். “உயிருக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி” என்று ஆரம்பித்தான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ரிசீவரை நீட்டினேன். என் கணவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். “சரிப்பா… சரிப்பா” என்று மட்டும் சொல்லிக்கொண்டே நின்றார். வைத்துவிட்டு, வலது கன்னத்து எலும்பு உடைந்திருக்கிறது, நாளைக் காலை ஆபரேஷன் என்று சொன்னார். அவ்வளவுதான். நான் கேட்ட வேறு எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இல்லை.

கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் தன் கம்ப்யூட்டரில் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். மதியம் ஒன்றேகாலுக்கு விமானம். “பதினொன்றரைக்கெல்லாம் அங்க இருக்கணும்மா. நானே வேன்ல கொண்டுவந்து விடறேன்” என்றார்.

இருபது வருடங்களாக விமானச் சத்தத்துக்கு நடுவே பாடம் நடத்தியவள் நான். சத்தம் வந்தால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, போனதும் தொடர்வேன். ஆனால் நானும் சரி, என் கணவரும் சரி, அதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

நான் பீரோவிலிருந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரு தோள் பையில் திணித்தேன். பைபிள், மகனின் பழைய மருத்துவச் சீட்டுகள், இரண்டு துண்டு, எதற்கென்றே தெரியாமல் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க். இவரைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், வாஷ்பேசின் முன்னால் நின்று தன் ஷேவிங் செட்டைப் பேக் செய்துகொண்டிருந்தார்.

அவருடைய வேலை அப்படி. அரசு அலுவலகத்தில் ஆய்வுப் பணி. மாதத்தில் பத்து நாளாவது ரயிலில் வெளியூர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய கனமான ஸ்டீல் ரேசரைத்தான் இன்னும் வைத்திருக்கிறார். அதைத் திருகிக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் ஈரம் போகத் துடைத்து, கைக்குட்டையில் சுற்றுவார். பிரஷ்ஷை உதறி உதறிக் காயவைப்பார். வட்ட டப்பாவில் சோப்பு, ஒரு படிகாரக்கல், சின்னக் கண்ணாடி, இரண்டு பாக்கெட் பிளேடு. எல்லாம் ஒரு பழுப்பு நிற ரெக்சின் பையில் அதனதன் இடத்தில் போகும். கல்யாணப் பெண்ணின் மேக்கப் பெட்டி என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வாரே தவிர, வேகத்தைக் கூட்டமாட்டார்.

அன்று எனக்குக் கேலி வரவில்லை. மாற்றுச் சட்டை ஒன்றுகூட எடுக்காமல் பிரஷ்ஷை உதறிக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. அவருடைய துணிகளையும் நானே எடுத்து வைத்தேன்.

மீனம்பாக்கத்தில் கவுன்டரில் இருந்தவர், “லக்கேஜ் ஏதாவது போடணுமா?” என்று கேட்டார். இல்லை, எல்லாம் கைப்பைதான் என்றேன். குறைவாகக் கொண்டுவந்தால் சீக்கிரம் போகலாம் என்ற நினைப்பு. கைப்பையில் என்னென்ன கொண்டுபோகக் கூடாது என்று எதிரிலேயே படம் போட்டு எழுதியிருந்தது. கேள்வித்தாளை முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று வருடம் முழுக்கப் பிள்ளைகளிடம் சொல்லும் நான் அதைப் படிக்கவில்லை.

பாதுகாப்புச் சோதனைக்கு நீண்ட வரிசை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்தது. பெண்களுக்குத் தனியாகத் திரை போட்ட இடம். நான் முன்னதாகவே முடித்து, தோள் பையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் இவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். சீருடையில், கொஞ்சம் நரை விழுந்த ஒரு காவலர் அந்த ரெக்சின் பையைப் பிரித்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் ட்ரேயில் ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். என் கணவர் எப்படி அடுக்குவாரோ, கிட்டத்தட்ட அதே மாதிரி.

“ரேசர், பிரஷ் எல்லாம் கொண்டுபோலாம் சார். பிளேடு மட்டும் உள்ளே விடமாட்டோம்” என்றார் காவலர்.

“பிளேடு இல்லாம ரேசரை வெச்சுகினு என்ன பண்றது?” என்றார் இவர்.

“அங்கே இறங்கி வாங்கிக்கலாமே சார்.”

நியாயமான பதில். சாதாரண நாளாக இருந்தால் இவரும் தலையாட்டியிருப்பார். அன்று அசையவில்லை. பிளேடு பாக்கெட் மேல் ஒரு விரலை வைத்தபடி நின்றார். பின்னால் வரிசை நெளிய ஆரம்பித்தது. “இன்னா அங்கிள், ஒரு பிளேடுக்குப் போய் இவ்ளோ பேஜாரா? அங்க நான் வாங்கித் தரேன், நகருங்க” என்றான் ஒரு இளைஞன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதே நேரத்தில் எங்கள் விமான நிறுவனத்தின் பெண் ஊழியர் ஒருவர், “மும்பை, மும்பை” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஏறாத ஆட்களைத் தேடி வந்திருந்தார். இந்த விமானத்தை விட்டால் அடுத்ததில் இடம் கிடைக்குமா என்று தெரியாது. ஆபரேஷனுக்கு முன் பிள்ளையைப் பார்க்க முடியாமலே போய்விடும். நான் திரும்ப ஓடிவந்து, அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். “உங்களுக்குப் புத்தி இருக்கா? புள்ள அங்க அடிபட்டுக் கிடக்கான். தூக்கிப் போட்டுட்டு வாங்க.”

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவரை நான் வெளியிடத்தில் அப்படிப் பேசியதில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. காவலரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். “நாளைக்கு என் பையனுக்கு முகத்துல ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஷேவ் பண்ணணுமாம். தாடி வெச்சிருக்கான். இடது தாடையில அவனுக்கு முடி சுழிச்சு வளரும். எதிர்ப்பக்கமா இழுத்தா வெட்டிடும். அவனுக்கு ஷேவ் பண்ணக் கத்துக்குடுத்ததே நான்தான். வேற யாருக்கும் அது தெரியாது சார்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் அந்தப் பையன் போனில் எவ்வளவோ சொல்லியிருக்கிறான். அதில் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்பதெல்லாம் இவர் மனதில் நிற்கவில்லை. முகத்தை ஷேவ் செய்வார்கள் என்ற ஒன்றைத்தான் இவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். அது ஒன்றுதான் தன்னால் செய்யக்கூடியது என்று வாஷ்பேசின் முன்னால் போய் நின்றிருக்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. காவலர் ட்ரேயை எடுத்துப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு, வரிசையை வேறு பக்கமாகத் திருப்பிவிட்டார். சட்டத்தை அவர் துளியும் தளர்த்தவில்லை. “கையில விட முடியாது சார். லக்கேஜா போனா எனக்கு ஆட்சேபணை இல்ல” என்றார். சொல்லிவிட்டு அந்த விமான நிறுவனப் பெண்ணைப் பார்த்தார்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “போட்டுடலாம் சார்” என்றாள்.

நான் இடையில் புகுந்தேன். “வேண்டாம்மா. நேரமில்ல. நீங்க தூக்கிப் போட்டுடுங்க.”

“இருக்கட்டும் ஆன்ட்டி. சாருக்கு அது வேணும்” என்றாள். குரல் உயரவில்லை. ஆனாலும் நான் ஒதுங்கிக்கொண்டேன்.

அவ்வளவு சின்னப் பையை அப்படியே லக்கேஜில் போட்டால் எங்கேயாவது மாட்டிக்கொள்ளும் என்று, எதிரில் இருந்த டீக்கடைக் கவுன்டரில் பிஸ்கட் வந்த ஒரு காலி அட்டைப்பெட்டியை வாங்கி வந்தாள். என் கணவர் ட்ரேயில் இருந்ததை மறுபடி எடுத்து வைக்கத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்தது ஒரே முறைதான். ரேசரின் ஒவ்வொரு பாகத்தையும் துடைத்தார். பிளேடு பாக்கெட் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். பாகங்களைக் கைக்குட்டையில் சுற்றினார். கை நடுங்கியதில் படிகாரக்கல் உருண்டு ஓடியது. காவலர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். ஒலிபெருக்கி மும்பை, மும்பை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் பக்கத்தில் நின்றாள். சீக்கிரம் சார் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் செய்கிறேன் கொடுங்கள் என்று கையை நீட்டவும் இல்லை. வாக்கிடாக்கியில் யாரோ அவளைத் திட்டினார்கள். “ரெண்டு பேர் என்கூட இருக்காங்க, வந்துடுவாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் ஜிப்பை இழுத்து மூடும்வரை காத்திருந்தாள். மூன்று, நான்கு நிமிடம் இருக்கலாம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நான்கு நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு பெட்டியை ஒட்டி, மார்க்கர் பேனாவால் அதன் மேல் ஏதோ எழுதி, முன்வாசலில் இருந்த பெரிய எக்ஸ்ரே இயந்திரத்தைப் பார்த்து ஓடினாள். நாங்கள் பஸ்ஸில் ஏறி விமானத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சிரைக்க அங்கே வந்து நின்றாள். லக்கேஜ் சீட்டின் துண்டை என் கணவரின் போர்டிங் பாஸில் ஒட்டினாள். “அங்க பெல்ட்ல வரும் சார். விட்டுடாதீங்க. உங்க பையன் நல்லாயிடுவார்.” அவளுடைய சட்டையில் பெயர் எழுதிய பட்டை இருந்தது. அதைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மும்பையில் பெல்ட் பக்கத்தில் நின்ற நேரம் முழுக்க எனக்கு உள்ளே கொதித்தது. ஒவ்வொரு நிமிடமும் மகனிடமிருந்து திருடிய நிமிடம் மாதிரி இருந்தது. பெரிய பெரிய சூட்கேஸ்களாக வந்தன. எல்லோரும் எடுத்துக்கொண்டு போய், பெல்ட் காலியாகச் சுற்றியது. கடைசியில் திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பிஸ்கட் பெட்டி தனியாக வந்தது. மஞ்சள் நாடா கட்டி, சூட்கேஸுக்குக் கட்டுகிற அதே பெரிய சீட்டு தொங்கிக்கொண்டு. மேலே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், ‘நோயாளிக்கு உரியது, பத்திரம்’ என்று எழுதியிருந்தது. என் கணவர் அதை இரண்டு கையாலும் எடுத்தார்.

மகனோடு தங்கியிருந்த பையனிடம் போனில் வழி கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகனுக்கு ஏற்கெனவே ஷேவ் செய்து முடித்திருந்தார்கள். முகம் வீங்கி, பாதிக்குக் கட்டு. இடது தாடையில், இவர் சொன்ன அதே இடத்தில், இரண்டு சின்னக் கீறல்கள். இவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் அங்கேயே இருந்தோம். அந்த நாட்களில் என் கணவரால் டீ கிளாஸைச் சிந்தாமல் பிடிக்க முடியவில்லை. தையல் பிரித்த அன்று, இனி ஷேவ் செய்யலாம், தழும்பை மட்டும் தொடாதீர்கள் என்றார் டாக்டர். மகன் அதுவரை கண்ணாடியே பார்க்கவில்லை. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர் பெட்டியைப் பிரித்தார். பிரஷ்ஷை நனைத்து, சோப்பில் சுழற்றி, அவன் முகத்தில் நுரை போட்டார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிளேடை மாட்டியதும் அவர் கை நடுக்கம் நின்றுவிட்டதை நான் பார்த்தேன். தழும்பைச் சுற்றி, சுழி போகிற திசையில், ஒரு சொட்டு ரத்தம் வராமல் ஷேவ் செய்தார். பாதியில் மகன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: “அப்பா, மீசையில கை வெச்சிராதீங்க.” விபத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் விளையாட்டுப் பேச்சு அது. பிறகு அவனே கண்ணாடியைக் கேட்டு வாங்கினான்.

பிளேடு மும்பையில் எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது. அது எனக்கும் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அன்று அந்தப் பையைக் குப்பைத் தொட்டியில் போடவைத்திருந்தால், என் கணவர் மும்பைக்கு வெறுங்கையோடு வந்திருப்பார். கையில் வேலையில்லாத அப்பாவாக அந்த இரண்டு வாரத்தை அவர் எப்படிக் கடந்திருப்பார் என்று என்னால் யோசிக்க முடியவில்லை.

மகன் இப்போது நன்றாக இருக்கிறான். இப்போதெல்லாம் அவனைப் பார்க்க விமானத்தில்தான் போகிறோம். பிளேடு முந்தைய நாளே பெரிய பெட்டிக்குப் போய்விடுகிறது. பிஸ்கட் பெட்டி பரணில் இருக்கிறது. என் வகுப்பில் கடைசி மணி அடித்த பிறகும் புத்தகத்தை ஒவ்வொன்றாக அடுக்கிப் பையில் வைக்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. முன்பெல்லாம் கத்துவேன், இப்போது அந்தப் பெண் நின்ற மாதிரி, ஜிப்பை இழுத்து மூடும்வரை பக்கத்தில் நின்று காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.