எறும்பு முத்திரைக் கொழுக்கட்டை

ரோமாபுரிக் கல்லொன்றைக் கொழுக்கட்டையில் குத்தி விளையாடியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தக் கற்களைப் பற்றித் தடித்த புத்தகங்களாக வாங்கி அடுக்கி, வீட்டுக்கு வருகிறவர்களைப் பிடித்து இருத்தி விளக்கம் சொல்லுகிற ஆள் நான். கையில் ஒன்று கிடைத்தபோது செய்த காரியம் இதுதான்.

எங்கள் வீடு உடுவிலில். மழை விட்டதும் பக்கத்துக் கந்தரோடைத் தோட்டங்களில் பழைய மணிகள் மண்ணுக்கு மேலே தெரியும். பிள்ளைகள் பொறுக்கப் போவோம். அப்படிக் கிடைத்ததுதான் அந்தச் சிவப்புக் கல். புளியங்கொட்டையளவு. தட்டையான பக்கத்தில் ஓர் எறும்பைக் குழிவாக வெட்டியிருந்தார்கள், வாயில் ஒரு தானியத்தோடு. கடல் வணிகர்களோடு இங்கே வந்த கல் அது என்பதும், சிங்கமும் கழுகும் வெட்டிய ரோமர்கள் எறும்புக்கும் அதே மரியாதையைக் கொடுத்தார்கள் என்பதும், மோதிரத்தில் பதித்து மெழுகில் முத்திரை குத்துகிற கல் அது என்பதும் பின்னாளில் படித்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, களிமண்ணில் அமர்த்தி எடுத்தால் எறும்பு எழும்பி நிற்கும் என்பது மட்டும்தான்.

அந்த வாரம் தம்பிக்குப் பல்லு முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையில் கொட்ட வேண்டும். விளிம்பில் சிறிதாகக் கீறிய தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லாகச் செருகும் வேலையை அம்மா என்னிடம் விட்டிருந்தார். பல் வைத்து முடிந்தும் என் கலையார்வம் அடங்கவில்லை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் கல்லை அமர்த்தி எடுத்தேன். சிவப்பரிசி மாவில் எறும்புகள் ஊர்ந்து வருவதுபோல எழுந்தன.

எங்கள் குடாநாட்டுத் திருநெல்வேலியிலிருந்து மாமி வந்திருந்தார். அப்பாவின் தமக்கை. அம்மாவின் சமையலில் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்காமல் அவர் திரும்பி பஸ் ஏறியதில்லை. அம்மா விடியத் தொடங்கியே பதறிக்கொண்டிருந்தார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்த மாமி ஒரு கொழுக்கட்டையை எடுத்து, விரலால் சுண்டினார். எறும்பு போகவில்லை. திரும்பவும் சுண்டினார்.

“என்ன பிள்ளை, எறும்பையும் சேர்த்தோ அவிச்சனீர்?”

வந்திருந்தவர்களெல்லாம் கிட்ட வந்தார்கள். அம்மா கொழுக்கட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உது வேணுமெண்டு வைச்சது மச்சாள். பல்லோடை எறும்பும் வைச்சால் பிள்ளை சுறுசுறுப்பாய் வளரும். எங்கடை பக்கத்து வழக்கம்.”

அந்த நிமிடம்வரை அப்படியொரு வழக்கம் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை. ஆனால் மாமிக்குத் தெரியாத வழக்கம் குடாநாட்டில் இருக்கலாம் என்பதை மாமியால் ஏற்க முடியுமா? தங்களிடமும் முந்தி இருந்ததுதான், இப்போது ஆர் உதெல்லாம் பார்க்கிறார்கள் என்று பெருமூச்சு விட்டுவிட்டு, எல்லோரும் பார்க்கக் கொழுக்கட்டையைத் தின்றார். இன்னொன்றும் எடுத்தார். செம்பு செம்பாகத் தண்ணீரும் கேட்டுக் குடித்தார். (தம்பி இன்றுவரை பத்து மணிக்கு முன் படுக்கையை விட்டு எழும்பியதில்லை.)

அன்று எனக்கு அடி விழவில்லை. கைவேலையின் சிறப்பு என்று நினைத்துக்கொண்டேன். கல்லை மட்டும் அம்மா வாங்கி வைத்தார். பிறகு போரில் வந்த இடப்பெயர்வில் அது வீட்டோடு போனது.

போன மாதம் அம்மாவுக்கு போனில் எல்லாவற்றையும் விளக்கினேன். ரோமர், முத்திரை, தானியம் சுமக்கும் எறும்பு நிறைவின் அடையாளம் என்று நீட்டி முழக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“கல்லை விடு. அண்டைக்கு மாவுக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டிட்டன். வழக்கமெண்டு தானும் சொல்லிப்போட்டாவே, உப்பும் அந்த வழக்கத்திலை ஒண்டாக்குமெண்டுதான் உன்ரை மாமி வாய் திறக்காமல் திண்டவ.”