மஞ்சள் அட்டை

கிள்ளானில் இருக்கும் அந்தக் கையுறைத் தொழிற்சாலையில் கழிவறைக்குப் போக ஒரு மஞ்சள் அட்டை வேண்டும். ஒரு லைனில் இருபத்திரண்டு பெண்கள். அட்டை ஒன்றே ஒன்று. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டு வந்து மறுபடி ஆணியில் தொங்கவிட வேண்டும். அதுவரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதைக் கண்டுபிடித்த மகானுக்குச் சிறுநீரே வராதோ என்று புனிதாவுக்கு இருபத்தேழு வருடமாகச் சந்தேகம்.

ஐம்பத்தொரு வயதில் அந்த அட்டை அவள் கழுத்தை விட்டு இறங்க மறுத்தது. மாதவிடாய் நிற்கப்போகிற காலம். இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. வந்தால் குழாய் உடைந்த மாதிரி. நடுநடுவே மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பி உச்சந்தலை வரை ஏறும், சட்டை நனைந்துவிடும். வீட்டில் கணவரிடம்கூட உடம்பு சரியில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை மூன்றாவது கடிதம் வந்தது. ஏன் அடிக்கடி வேலையிடத்தை விட்டுப் போகிறீர்கள், மூன்று நாளில் எழுத்தில் காரணம் சொல்லுங்கள் என்று புது மேனேஜர் கமலநாதன் கையெழுத்துப் போட்டிருந்தார். சரியான காரணம் இல்லையென்றால் வேலை போய்விடும். முதல் இரண்டு கடிதத்துக்கும் அவள் 'வயிற்றுவலி' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அது அவள் சொந்தச் சரக்குகூட இல்லை. முன்பு லைனில் கூட நின்ற லூசி அக்காவின் பதில்.

புனிதா வேலைக்குச் சேர்ந்த தொண்ணூற்றொன்பதில் லூசி அக்காவுக்கு ஐம்பது வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், விடியற்காலை ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வருவார். மத்தியான ஓய்வில் பின்சுவர் நிழலில் எல்லாரும் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்; லூசி அக்கா ரேடியோவில் கேட்டதையெல்லாம் அப்படியே பாடுவார். கிறிஸ்துமஸ் வந்தால் மைலோ டின் நிறைய அச்சு முறுக்கு. புனிதாவின் கல்யாணத்துக்கு ஒரு வேனில் பதினாறு பேரைத் திணித்து அழைத்து வந்தவரும் அவர்தான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் புனிதாவுக்கு மனசு நிறைந்துவிடும். ஆனால் ஓர் இடத்தில் முள் குத்தும்.

புனிதா சேர்ந்த மூன்றாம் வருடம் லூசி அக்கா அட்டையும் கழுத்துமாகவே திரிந்தார். "அக்காவுக்கு டாய்லெட்ல பார்ட் டைம் வேல கிடைச்சிருச்சு லா" என்று புனிதா ஒருநாள் சொல்ல, லைனே சிரித்தது. மூன்றாவது கடிதத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் அட்டையை ஆணியில் மாட்டிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார். என்ன ஆச்சு அக்கா என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

புதன்கிழமை கேன்டீனில் உட்கார்ந்து புனிதா தனக்குத் தெரிந்த மலாயில் எழுதினாள். எனக்கு மாதவிடாய் நிற்கும் காலம், இரத்தம் அதிகம் போகிறது, அட்டைக்குக் காத்திருக்க முடியாது. அதோடு பேனா நிற்கவில்லை. இரண்டாவது லைன் லூசிக்கும் இதேதான் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் கமலநாதன் கூப்பிட்டு அனுப்பினார். மகன் வயசுப் பிள்ளை, காது சிவக்கக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லூசின்னு என் லிஸ்ட்ல யாரும் இல்லையே, அக்கா."

"இருந்தாங்க, சார். நீங்க ஸ்கூலுக்குப் போய்க்கிட்டிருந்த காலம். மூணாவது லெட்டரோட அனுப்பிட்டாங்க."

அவர் காகிதத்தை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு காரணம் ஏற்கப்பட்டது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதினார். இரண்டு வாரத்தில் எல்லா லைனிலும் ஆணிகள் காலியாகின, புனிதாவின் மேசைப் பக்கம் ஒரு காற்றாடியும் வந்தது. கழற்றிய அட்டைகளில் ஒன்றை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனாள். லூசி அக்கா மகள் டீனாவோடு இருக்கும் வீடு அவளுக்கு எப்போதுமே தெரியும். வெட்கம்தான் இத்தனை வருடம் போகவிடவில்லை. எழுபத்தேழு வயதில் அவர் நன்றாக மெலிந்திருந்தார். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் புனிதா அட்டையை அவர் மடியில் வைத்தாள்.

"அன்னைக்கு நானும் சிரிச்சேன், அக்கா."

"தெரியும். உன் சத்தம்தான் பெருசா கேட்டுச்சு."

புனிதாவுக்குக் கண்ணீர் முட்டியது. லூசி அக்கா நாற்காலியைப் பிடித்து எழுந்தார். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சுவரைத் தொட்டபடி மெல்லக் கழிவறைக்கு நடந்தார். கதவைச் சாத்துமுன் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு நேரமாகும். உக்காந்திரு."